ஏழு பேர் இறங்கினால் மிச்சம் எத்தனை?

ராஜவேலுவுக்குத் தன் மனைவியைக் கண்டு பயம் வந்து சரியாக நான்கு வாரம் ஆகிறது. அதற்கு முந்தைய ஆறு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பயம் அவனுக்கு இருந்ததில்லை.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. திருத்தணி பைபாஸில் செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தவன், பிள்ளைகளோடு இருக்கிற வேலைதான் தனக்குச் சரி என்று முப்பது வயதில் முடிவு கட்டி, ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தான். இரண்டாம் வருஷம் ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டும். ஒதுக்கிய பள்ளியின் பெயரைக் கடிதத்தில் படித்தபோதே அவனுக்கு வியர்த்துவிட்டது.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி ரோட்டோரமாக இருக்கும் சின்னத் தொடக்கப்பள்ளி. மொத்தம் இரண்டே ஆசிரியைகள். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமையாசிரியை சந்திரா டீச்சரிடம். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில், பிரபாவதி டீச்சரிடம்.

பிரபாவதி டீச்சர்தான் ராஜவேலுவின் மனைவி.

"வேற ஸ்கூல் குடுங்கன்னு கேளுங்க" என்று அவள் அன்றைக்கே சொன்னாள். கேட்டால் பயிற்சியே ஆறு மாசம் தள்ளிப்போய்விடும் என்று கூடப் படிக்கிறவன் ஒருத்தன் கிளப்பிவிட்டதால் ராஜவேலு வாயைத் திறக்கவில்லை. பயிற்சி நிறுவனத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது.

பள்ளி கேட்டுக்கு உள்ளே அவள் டீச்சர், அவன் சார். கேட்டுக்கு வெளியே பழையபடி. இப்படி ஓர் ஒப்பந்தம். ஆனால் அவனுடைய தினசரிப் பதிவேட்டில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வாரமும் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: ‘வகுப்பில் சத்தம் அதிகம்.’ சாயங்காலம் அதைப் படித்துவிட்டு ராத்திரி அவள் கையால் தோசை வாங்கித் தின்பது எப்படியிருக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அந்த வியாழக்கிழமைதான் பயிற்சி நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர் ஜெகநாதன் நேரில் வந்து ராஜவேலுவின் வகுப்பைப் பார்க்கப் போகிறார். பதினோரு மணிக்குக் கணக்குப் பாடம்.

காலை ஏழு மணிக்கு ராஜவேலு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, இடது தோளில் ஜோல்னாப்பையை மாட்டி, "உள்ள போ, உள்ள போ, படிக்கட்டுல நிக்காத" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரபாவதி உப்புமாத் தட்டை அலமாரி மேல் வைத்தாள்.

"ஏங்க, கடைசியா ஒரு தடவ சொல்றேன். போர்டுல நாலு கழித்தல் கணக்கு போடுங்க. பசங்கள எழுதச் சொல்லுங்க. திருத்துங்க. முடிஞ்சுபோச்சு. எதுக்கு இந்த பஸ்ஸு, விசிலு?"

"கலையோட சேர்த்துதான் பாடம் எடுக்கணும்னு லெக்சரர் சொல்லிக்கிறாரு. பாட்டு, நாடகம், படம், எதனா இருக்கணும்."

"உங்களுக்கு இன்னா கலை தெரியும்?"

கேள்வியில் நியாயம் இருந்தது. போன வாரம் அவன் போர்டில் வரைந்த பசுமாட்டைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு மொத்தமும் நோட்டில் ‘பன்றி’ என்று எழுதியிருந்தது.

"எனக்குத் தெரியாதுதான். பசங்களுக்குத் தெரியுது இல்ல?" என்றான் ராஜவேலு.

பிரபாவதி தலையை வாரி முடித்தாள். பிறகு சீப்பைக் கீழே வைத்தாள்.

"என் நிலைமைய யோசிச்சுப் பாத்தீங்களா? நீங்க நல்லா எடுத்தா, புருஷனாச்சே, இவளே எழுதிக் குடுத்துட்டாள்னு சொல்லுவாங்க. நல்லா எடுக்கலன்னா, புருஷனுக்கே சொல்லிக்குடுக்கத் துப்பில்லாதவளான்னு கேப்பாங்க. ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடி. ஒம்போது வருஷமா அந்த ஸ்கூல்ல ஒரு கெட்ட பேரு வாங்காம இருந்துகினு இருக்கேன்."

அவன் உப்புமாவைப் பார்த்தான். உப்புமா அவனைக் கைவிட்டது. பாதித் தட்டோடு எழுந்துவிட்டான்.

*

பஸ்ஸை மூன்று நாளாகப் பிள்ளைகள் செய்திருந்தார்கள். கடைத்தெருவில் வாங்கிவந்த இரண்டு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நீளமாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து சக்கரம். "அஞ்சாவது எதுக்குடா?" என்று கேட்டதற்கு, "பஞ்சர் ஆனா இன்னா சார் பண்றது?" என்று பதில் வந்தது. முன்பக்கத்துக்கு ரோஸ் கலர் அடிக்க வேண்டும் என்று பெண்பிள்ளைகள் ஒரே பிடியாக நின்றார்கள். அப்போதுதானே பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது? அடித்ததும், ஆண்பிள்ளைகளில் ஆறு பேர் தாங்கள் கிழவி வேஷம்தான் போடுவோம் என்று துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டார்கள். போன வாரம் மலைக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்த ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு வேஷமே வேண்டியிருக்கவில்லை. தலையில் சந்தனம் மட்டும் புதிதாகத் தடவிக்கொண்டு வந்திருந்தான்.

மொத்தம் இருபத்தைந்து பிள்ளைகள். டிரைவர், இரண்டாம் வகுப்பு வேணு. கண்டக்டர், மூன்றாம் வகுப்பு தன்யஸ்ரீ. மற்ற இருபத்து மூன்று பேரும் பயணிகள். நீளமான பாய் இரண்டு. ஒரு பாயில் பத்துப் பேர் உட்கார வேண்டும். மிச்சம் மூன்று பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கம்பிக்குப் பதில் கொடிக்கயிறு.

விசில் நிஜமானது. பிரபாவதியின் தம்பி அசோக்குமாருடையது. அவன் திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "பாவா, இருக்கறதே ஒண்ணுதான். நாளைக்கு ஒரு நாள் நான் வாயாலயே ரைட் சொல்லி ஓட்டிக்கறேன். சாயங்காலம் குடுத்துடு" என்று முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அசோக்குமாரின் பத்தே முக்கால் பஸ்ஸில்தான் ஜெகநாதன் வந்தார்.

டிரைவர் பங்காரு அன்று காலையிலிருந்தே கடுப்பில் இருந்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் அவருக்கு. ஒரு விசில் என்றால் நிற்கும், இரண்டு விசில் என்றால் போகும். கண்டக்டர் வாயால் கத்துகிற ‘ரைட்’ எது, ஜனங்கள் பேசுகிற பேச்சு எது என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்தே வலித்துவிட்டது.

பள்ளிக்கூட நிறுத்தத்தில் வண்டி நின்றது. பின்படியில் ஓர் அம்மாவின் வேர்க்கடலை மூட்டையை இறக்கிக் கொடுப்பதற்காக அசோக்குமார் ரோட்டில் குதித்தான். முன்படியில் ஜெகநாதன், ஒரு கையில் குடை, ஒரு கையில் ஃபைல், ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார். இன்னொரு கால் படியில்.

அதே நேரத்தில் வகுப்பறைக்குள் ஒத்திகை. "எல்லாரும் ஏறியாச்சா? கண்டக்டரம்மா, கொடுங்க!" என்றான் ராஜவேலு. தன்யஸ்ரீ கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, தன் ஆயுளில் முதல் தடவையாக, ஊரே கேட்க இரண்டு விசில் கொடுத்தாள்.

‘அப்பாடா, விசில் கெடைச்சிடுச்சு’ என்று பங்காருவின் மனசு குளிர்ந்தது. கியரைப் போட்டார்.

ஜெகநாதனுக்கு யோசிக்க நேரமில்லை. தரையில் இருந்த காலையும் படிக்கே கொண்டுவந்து, கம்பியைக் கட்டிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

"யோவ்! நிறுத்துய்யா! நான் கீழ நிக்கறேன்யா!" என்று அசோக்குமார் மூட்டையோடு ஓடினான். மூட்டையின் சொந்தக்கார அம்மா மூட்டைக்காக அவன் பின்னால் ஓடினாள்.

சத்தம் கேட்டு பிரபாவதி வராந்தாவுக்கு வந்தாள். பஸ் வளைவில் திரும்புவதும், முன்படியில் ஒரு குடை வீசி வீசி ஆடுவதும் தெரிந்தது.

"அக்கா! ஸ்கூல் உள்ளேந்து யாரோ விசில் குடுத்துட்டாங்க! வண்டி போய்க்கினே இருக்குது!"

"கூவினா நிறுத்தமாட்டாரா?"

"பங்காரு அண்ணன் பப்ளிக் கூவறத இன்னிக்கி நேத்தா கேக்கறாரு? எல்லாரும் அவங்கவங்க வூட்டு வாசல்ல நிறுத்தச் சொல்லிக் கூவுவாங்க. அவருக்கு விசில்தான்!"

பிரபாவதி உள்ளே போனாள். தன்யஸ்ரீயின் வாயிலிருந்து விசிலை எடுத்து முந்தானையில் துடைத்தாள். ராஜவேலு பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"டீச்சர், அந்த பஸ்ல லெக்சரர் வரணும்..."

"வந்தாரு. போயிட்டாரு" என்றாள் பிரபாவதி. "நீங்க கிளாஸ பாத்துக்குங்க சார்."

அடுத்த நிமிஷம் பிரபாவதியின் ஸ்கூட்டி கிளம்பியது. பின்னால் அசோக்குமார், விசிலை ஊதிக்கொண்டே. ரோட்டோரம் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எதிரே வந்த ஓர் ஆட்டோக்காரர் மரியாதையாக ஓரம் கட்டினார்.

மூன்றாவது கிலோமீட்டரில் பங்காருவின் காதில் ஒற்றை விசில் விழுந்தது. வண்டி அங்கேயே நின்றது.

"எங்கடா போயிருந்த?" என்றார் பங்காரு.

*

ஜெகநாதன் ஐம்பத்தைந்து வயதுக்காரர். அன்றைக்கு வரைக்கும் எந்தப் பெண்ணும் ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதில்லை. ஃபைலை மடியில் வைத்து, குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டியின் பின்கம்பியை விடாமல் பிடித்திருந்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க அந்த ஸ்கூல் டீச்சரா?"

"ஆமாங்க சார். ஒண்ணுலேந்து மூணு வரைக்கும் நான்தான்."

"அப்போ ராஜவேலு உங்க வகுப்புலதான் இருக்கார். எப்படி இருக்கார்? மறைக்காம சொல்லுங்க. வகுப்பாசிரியர் சொல்றதுதான் எனக்கு முக்கியம்."

பிரபாவதி ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஓட்டினாள்.

"படம் வரையத் தெரியாதுங்க சார். மாடு வரைஞ்சா பன்னி மாதிரி வருது."

"ம்."

"சத்தம் ஜாஸ்தி. அவரு பாடம் எடுக்கறப்போ பக்கத்து ரூம்ல ஹெச்செம் டீச்சர் வாயத் தொறக்க முடியாது."

"ம்ம்."

அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் எதிரே காலியான ரோடு. பின்னால் இருப்பவரின் முகம் தெரியவில்லை. முகம் தெரியாதபோது பேச்சு சுலபமாக வருகிறது.

"திங்கக்கிழமைன்னா பாதிப் பசங்க வரமாட்டாங்க சார். வயல் வேலை, கோயிலு, மாமா ஊடு, எதனா ஒண்ணு சொல்லுவாங்க. இப்ப நாலு வாரமா எட்டரைக்கெல்லாம் கேட்டுல வந்து நின்னுக்கினு இருக்குதுங்க. என்னப் பாத்து ஓடியாராதுங்க சார். என்னத் தாண்டிப் பின்னால வர்றவரப் பாத்து ஓடுதுங்க. ஒம்போது வருஷமா நான் எடுத்த கிளாஸ் அது." குரல் கொஞ்சம் இறங்கியது. "முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துது. அப்புறம்தான் தெரிஞ்சுது, கோவம் இல்ல, பொறாமைன்னு."

கொஞ்ச தூரம் போன பிறகு ஜெகநாதன் கேட்டார்:

"பயிற்சி மாணவர்தானேம்மா? ‘அவரு’, ‘இவரு’ன்னு ரொம்ப மரியாதையாப் பேசறீங்களே."

"வூட்டுக்காரர வேற எப்படிங்க சார் சொல்றது?"

ஃபைல் கீழே விழுந்தது. வண்டியை நிறுத்தி, காற்றில் பறந்த மூன்று தாள்களை இருவரும் வயலில் இறங்கிப் பொறுக்க வேண்டியதாயிற்று.

*

அவர்கள் திரும்பி வந்தபோது வகுப்பறையில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. சந்திரா டீச்சர்கூடத் தன் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விசில் போய்விட்டதால் ராஜவேலு பாடத்தை நிறுத்தவில்லை. நடந்ததையே கணக்காக மாற்றிவிட்டிருந்தான்.

"பஸ்ல இருவத்தி மூணு பேரு. இந்த ஸ்டாப்பிங்ல ஏழு பேரு எறங்கறாங்க. மிச்சம் எத்தன பேரு? அதுதான் கேள்வி."

"சார், அந்தக் கொட சார ஏழுல சேத்தாச்சா?" என்றாள் தன்யஸ்ரீ.

"அவரு எறங்கலியே!" என்றது ஒரு முக்காட்டுக் கிழவி.

"ஒரு காலு எறங்குச்சு, நான் ஜன்னல்லேந்து பாத்தேன்!"

"ஒரு காலு எறங்கினா அர ஆளு. ஆறர பேருதான் எறங்கினாங்க சார்!"

ஜெகநாதன் வாசலில் செருப்பைக் கழற்றினார். "முழு ஆளாவே வந்துட்டேன்" என்றார். "எனக்கு எங்க இடம்?"

இருபத்தைந்து பிள்ளைகளும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். தன்யஸ்ரீதான் முதலில் சுதாரித்தாள்.

"பெரியவருக்கு எடம் உடுங்கப்பா! உள்ள வாங்க சார், படிக்கட்டுல நிக்காதீங்க. நீங்க கணக்குல இல்ல, சும்மா ஒக்காருங்க."

அவர் பாயின் ஓரத்தில் மொட்டைப் பையனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிரபாவதி சுவரில் சாய்ந்து நின்றாள். ராஜவேலு அவள் பக்கம் பார்க்கவே இல்லை. ஜோல்னாப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"டிரைவரைக் கூப்பிடுங்க. அவர் இந்தக் கணக்கைப் போர்டில் போடட்டும்" என்றார் ஜெகநாதன்.

பிரபாவதி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். வகுப்பில் வேறு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. வேணு ஆறு மாதமாகக் கழித்தலில் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தான். இருபத்து மூன்றில் ஏழு போனால் இருபத்து நாலு என்பான். மூன்றிலிருந்து ஏழு போகாது என்றால், அவன் பாட்டுக்கு ஏழிலிருந்து மூன்றைக் கழித்து நாலு என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் இரண்டை இறக்கிவிடுவான். கடன் வாங்கிக் கழித்தல் என்று அவளும் நூறு தடவை போட்டுக் காட்டியாகிவிட்டது. நூறு தடவையும் தலையை ஆட்டிவிட்டு இருபத்து நாலு என்றே எழுதினான்.

"எழுந்து வாப்பா" என்றார் ஜெகநாதன்.

"வண்டி ஓடிக்கினு இருக்குது சார்" என்றான் வேணு.

"நிறுத்திட்டு வா."

வேணு முகத்தைச் சுளித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சாவியைத் திருப்பி எடுத்து டிராயர் பையில் போட்டுக்கொண்டான். பிறகுதான் போர்டுக்கு வந்தான். 23 என்று எழுதினான். அதற்குக் கீழே 7. கோடு போட்டான். கோட்டுக்கு அடியில், கொஞ்சமும் யோசிக்காமல், 24.

பிரபாவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, சீட்டுக்குப் போ" என்று ராஜவேலு சொன்னான். "பஸ்ஸ எடுக்கறதுக்கு முன்ன கண்ணாடியில ஆள எண்ணிப் பாரு. ஏழு பேரு எறங்குங்கப்பா!"

நின்றுகொண்டிருந்த மூன்று பேரும் இறங்கினார்கள். இன்னும் நாலு பேர் வேண்டும். முன்பாயில் இருந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கஷ்டப்பட்டுப் பிடித்த இடம்.

"சார், எந்திரிக்க மாட்டேன்றாங்க!" என்றாள் தன்யஸ்ரீ.

வேணு டிரைவர் சீட்டிலிருந்து திரும்பினான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏய், பாயக் கலைங்கடி! நிக்கறவங்க மூணு பேருதான இருந்தாங்க? ஏழு பேரு வோணும்னா பாயத்தான் கலைக்கணும்! நாலு பேரு எறங்கு! மீதி ஆறு பேரு அப்படியே ஒக்காரு!"

நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். வேணு எண்ணினான். பின்பாயில் பத்து. முன்பாயில் ஆறு. மறுபடி போர்டைத் திரும்பிப் பார்த்தான். 24. மறுபடி பாயைப் பார்த்தான்.

"சார்!" என்றான். "எறங்கினதுக்கு அப்புறம் எப்படி சார் கூட்டம் ஜாஸ்தியாவும்?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய்க் கையாலேயே 24-ஐ அழித்தான். இரண்டைக் கோடு போட்டு அடித்து அதன் தலையில் ஒன்று போட்டான். "இது கலைச்ச பாயி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 16 என்று எழுதினான். எழுதிவிட்டு, டிரைவர் சீட்டுக்கு ஓடி, சாவியை எடுத்துப் போட்டு வண்டியைக் கிளப்பினான். லேட்டாகிவிட்டதாம்.

ஜெகநாதன் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்திலிருந்த மொட்டைப் பையன் ஒன்றும் புரியாமல் அவரோடு சேர்ந்து சிரித்தான். சந்தனம் அவருடைய சட்டையில் ஒட்டியது. பிறகு வகுப்பே சிரித்தது. வராந்தாவரைக்கும் சத்தம் போயிற்று.

பிரபாவதி மட்டும் சிரிக்கவில்லை. போர்டில் கிடந்த 16-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ராஜவேலு அதைப் பார்த்தான். பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டான்.

*

சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியை அறையில் ஜெகநாதன் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"பாடம் ரொம்ப நல்லா இருந்தது. என் பங்கு மார்க்கை நான் தாராளமாப் போடுவேன். ஆனா சொந்த வீட்டுக்காரருக்கு மனைவியே மார்க் போடறது முறையில்ல. தெரியாம இருந்தவரைக்கும் சரி. தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் கண்ணை மூடிக்கிட்டுப் போக முடியாது."

"அதுக்கு இன்னாங்க சார் வழி?" என்று கேட்டாள் பிரபாவதி.

"ரெண்டு வழி. ஒண்ணு, உங்களுக்குப் பதிலா ஹெச்செம் மார்க் போடறேன்னு எழுதிக் கொடுக்கணும். இல்லன்னா, பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில இடம் இருக்கு, ராஜவேலு அங்க மாறிக்கலாம். நாளைக்குள்ள முடிவு பண்ணுங்க."

அவரை பஸ் ஏற்றிவிட ராஜவேலு கேட்டுவரைக்கும் போனான். காலையில் அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசியது அவன் காதிலேயே இருந்தது. ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடி. வகுப்பில் கண் கலங்க நின்றதும் மனசில் வந்தது. பிள்ளைகள் முன்னால் அவளைச் சின்னதாக்கிவிட்டோம் என்றுதான் அவன் நினைத்தான்.

"சார், நாளைக்கு வரைக்கும் எதுக்கு? ஒரு வெள்ளத்தாள் இருந்தா குடுங்க. நான் பொதட்டூர்பேட்டைக்கே போய்க்கறேன்."

ஜெகநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல கேட்டீங்களா?"

"கேக்கவே வேணாங்க சார். நாலு வாரமா அவங்க சொல்லிக்கினு இருக்கறதே அதத்தான்."

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜெகநாதன் ஃபைலைத் திறந்தார். கேட்டுத் தூணில் தாளை வைத்து ராஜவேலு எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அதே நேரம் உள்ளே பிரபாவதி சந்திரா டீச்சரின் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் சந்திரா டீச்சரிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை.

"டீச்சர், அவருக்கு மார்க்கு நீங்க போடுங்க. எவ்ளோ கம்மியாப் போட்டாலும் சரி. ஆனா அவரு இங்கயே இருக்கட்டும்."

"சத்தம் தாங்கலன்னு நீதானே தினம் சொல்லிக்கினு இருந்த?"

"ஆங், சொன்னேன்." பிரபாவதி மேஜை விரிப்பின் நூலைப் பிய்த்தாள். "வேணு இன்னிக்குப் பதினாறுன்னு எழுதினான் டீச்சர்."

சந்திரா டீச்சர் பேனாவை எடுத்தார்.

*

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது ராஜவேலு ஸ்கூட்டியை ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த பிரபாவதி வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தாள். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் அவளே நிறுத்தச் சொன்னாள். அவளே இரண்டு டீயும் ஒரு தட்டு பஜ்ஜியும் சொன்னாள். கல்யாணமான புதிதில்தான் இப்படியெல்லாம் நடக்கும். ராஜவேலு டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"இருங்க, நான் மொதல்ல சொல்லிடறேன்." அவள் பஜ்ஜியைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தாள். "சந்திரா டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். மார்க்கு அவங்களே போடறாங்க. எழுதியும் குடுத்துட்டாங்க. நாளைக்கு லெக்சரருக்கு அனுப்பிடலாம். நீங்க எங்கயும் போவ வேணாம்."

ராஜவேலு அப்போதுதான் ஒரு முழு பஜ்ஜியை வாயில் போட்டிருந்தான். எண்ணெயிலிருந்து எடுத்த சூடு. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"நாளைக்குப் பெருக்கலும் நீங்களே எடுங்க. நான் பின்னால ஒக்காந்து பாத்துக்கறேன். நானும் கத்துக்கணும் இல்ல? இன்னா முழிக்கறீங்க? சூடா? தண்ணி குடிங்க."

அவள் தம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் ‘டிங்’ என்றது. வகுப்பாசிரியை என்ற முறையில் பயிற்சி நிறுவனத்திலிருந்து அவளுக்கு ஒரு தகவல்.

பிரபாவதி கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ஒரு தடவை படித்தாள். பிறகு திரையை விரலால் பெரிதாக்கி இன்னொரு தடவை படித்தாள். டீக்கடைக்காரர் பாய்லரைத் திறந்தார். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது. ஆவி கலைந்தபோது அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமைலேந்து உங்களுக்கு பொதட்டூர்பேட்டையாம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "‘அவரது சொந்த விருப்பத்தின் பேரில்’னு போட்டுருக்குது. ஏங்க, அந்த விருப்பம் எப்ப வந்துது உங்களுக்கு?"

ராஜவேலு பஜ்ஜியை முழுசாக விழுங்கினான். தொண்டையெல்லாம் எரிந்தது. இருந்தும், பதில் சொல்வதற்கு வாய் காலியாகிவிட்டதே என்றுதான் அவனுக்கு வருத்தமாக இருந்தது.